பூஸ்டர் ஏன் விழுந்தது? அறிகுறியைப் பிடித்துக் காரணத்துக்குப் போகும் வழி

ராக்கெட்டின் பூஸ்டர், அதாவது அதை மேலே தூக்கிவிட்டுப் பிரிந்து திரும்பி வரும் அடிப்பகுதி, இறங்கும் இடத்தில் மோதி வெடித்தால் எல்லோர் கண்ணும் கடைசிப் பத்து நொடியிலேயே நின்றுவிடும். அங்கே தெரிவது அறிகுறி மட்டும்தான். கோளாறு பெரும்பாலும் அதற்குச் சில நிமிடம் முன்பே தொடங்கியிருக்கும். சில சமயம் ஏவுவதற்கு முன்பே, பட்டறையிலேயே உள்ளே புகுந்திருக்கும். அதனால் இந்த வழிமுறையைக் கடைசிக் காட்சியிலிருந்து பின்னோக்கிப் போகும்படி எழுதியிருக்கிறேன். ஏவுதலின் வீடியோவும், திரையின் மூலையில் ஓடும் வேகம், உயரம் என்ற இரண்டு எண்களும் இருந்தால் போதும். சொந்தமாகத் தரையிறக்க சிமுலேஷன் எழுதிப் பார்ப்பவர்களுக்கும் இதே வரிசை பொருந்தும். என் சிமுலேஷனில் வந்த பிழைகளில் பாதி, நிஜ ராக்கெட்டுகளுக்கும் வந்தவைதான் என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

நல்லபடியாக முடியும் இறக்கம் எப்படி இருக்கும் என்று முதலில் தெரிந்திருக்க வேண்டும். ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் ஃபால்கன் 9 ராக்கெட்டை எடுத்துக்கொள்வோம். கிளம்பிச் சுமார் இரண்டரை நிமிடத்தில் பூஸ்டர் பிரிகிறது. குளிர்ந்த வாயுவைப் பீய்ச்சி, வால் முன்னால் வரும்படி திரும்பிக்கொள்கிறது. ஏவிய இடத்துக்கே வர வேண்டுமென்றால் அப்போதே ஓர் எரிப்பு நடக்கும். அடர்ந்த காற்றுக்குள் நுழையும்போது, வேகத்தைக் குறைக்க இன்னோர் எரிப்பு. பிறகு உச்சியில் உள்ள நான்கு வலைத் துடுப்புகள் திசை பிடிக்கும். கடைசியில் தரையிறக்க எரிப்பு, கால் விரிப்பு. மொத்தமும் எட்டு, ஒன்பது நிமிடத்துக்குள் முடிந்துவிடும். இதில் எந்தக் கட்டம் வரை சரியாகப் போனது என்று குறித்து வைத்துக்கொண்டு கீழே வாருங்கள்.

படம் உறைந்துவிட்டது

முதலில் இதைத் தள்ளிவிடுவோம், ஏனென்றால் இது கோளாறே இல்லை. பூஸ்டர் நெருங்கும்போது அதன் அதிர்வு, கடலில் தரையிறக்கத் தளமாக நிற்கும் ஆளில்லாத ட்ரோன் கப்பலைக் குலுக்கும். செயற்கைக்கோளைப் பார்த்து நிற்கும் ஆண்டெனா குறி தப்பும், இணைப்பு அறுந்துபோகும். அரை நிமிடம் பொறுத்திருந்தால் படம் திரும்ப வரும். மூலையில் எண்கள் நின்றுவிட்டன என்பதற்காகவும் முடிவு கட்டிவிடாதீர்கள்.

வரும் வழியிலேயே உடைந்துவிட்டது

இதற்குக் காரணம் காற்றுதான்: ஒன்று சூடு, இல்லையென்றால் அழுத்தம். 2010-இல் பறந்த முதல் இரண்டு ஃபால்கன் 9 பூஸ்டர்களில் பாராசூட் வைத்திருந்தார்கள். பாராசூட் விரிவதற்கே வேலை வரவில்லை. அதற்கு முன்பே காற்று அவற்றைப் பிய்த்துவிட்டது. அடர்ந்த காற்றுக்குள் போகும்போதே இன்ஜினை மூட்டி வேகத்தைக் குறைக்கும் யோசனைக்குப் பின்னால் இந்த அனுபவம் இருக்கிறது.

துடுப்புகள் தீப்பிடித்து எரிவது போலத் தெரிந்தால் வீடியோவின் தேதியைப் பாருங்கள். பழைய துடுப்புகள் அலுமினியம்; வெப்பக் காப்புப் பூச்சையும் மீறி ஓரங்கள் கருகும். 2017 ஜூனில் டைட்டானியத் துடுப்புகள் வந்தன. அதன் பிறகு அந்தக் காட்சி அரிது.

வழக்கத்தைவிடச் சாய்வாகக் காற்றுக்குள் வருகிறதா என்றும் பாருங்கள். 2025 மே 27 அன்று, ஏற்கெனவே ஒருமுறை பறந்து, ஏவுகோபுரத்தின் கைகளில் பிடிபட்ட சூப்பர் ஹெவி பூஸ்டரை (ஸ்பேஸ்எக்ஸின் ஸ்டார்ஷிப் ராக்கெட்டின் அடிப்பகுதி) இரண்டாம் முறை பறக்கவிட்டார்கள். காற்றின் இழுவையையே பிரேக்காக வைத்து எரிபொருளை மிச்சம் பிடிக்க முடியுமா என்று பார்க்க, வேண்டுமென்றே அதிகச் சாய்வில் இறக்கினார்கள். தரையிறக்க எரிப்பு தொடங்கும் நேரத்தில் அது உடைந்து போனது. எல்லை எங்கே என்று பார்க்கப் போன சோதனை, எல்லை தெரிந்துவிட்டது.

நேராக வருகிறது, ஆனால் வேகம் குறையவில்லை

அதிகம் குழப்பும் அறிகுறி இது, அதனால் இங்கே கொஞ்சம் நிற்போம். ஃபால்கன் 9 பூஸ்டரால் அந்தரத்தில் நிற்க முடியாது. அதில் உள்ள மெர்லின் இன்ஜின் ஒன்றே கடல்மட்டத்தில் 845 கிலோநியூட்டன் உந்துவிசை தருகிறது. ஏறக்குறைய 86 டன் எடையைத் தாங்கும் விசை. காலியான பூஸ்டர் முப்பது டன்னுக்குள்தான். இன்ஜினை எவ்வளவு தணித்தாலும் அது பூஸ்டரை மேலே தள்ளவே பார்க்கும். ஆகவே வேகம் பூஜ்யமாகும் நொடியும் கால் தளத்தைத் தொடும் நொடியும் ஒன்றாக இருக்க வேண்டும்.

கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள். பூஸ்டர் நொடிக்கு 250 மீட்டர் வேகத்தில் விழுகிறது, இன்ஜின் மூண்டதும் வேகம் ஒவ்வொரு நொடியும் 15 மீட்டர் குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். நிற்பதற்கு 2,083 மீட்டர் தேவை. அரை நொடி தாமதமாக மூட்டினால் 125 மீட்டர் கைவிட்டுப் போகிறது. அந்தக் கடனோடு தளத்தைத் தொடும்போது மிச்சம் இருக்கும் வேகம் நொடிக்கு 61 மீட்டர், அதாவது மணிக்கு 220 கிலோமீட்டர். அரை நொடி முன்னதாக மூட்டினால் 125 மீட்டர் உயரத்தில் நின்று, திரும்ப மேலே கிளம்பும். இந்தக் காரணத்தால்தான் இன்ஜினை முழு விசையில் வைத்துத் திட்டமிடுவதில்லை; கூட்டவும் குறைக்கவும் இரண்டு பக்கமும் இடம் விட்டு நடுவில் வைக்கிறார்கள். சிமுலேஷன் எழுதுபவர்கள் முதலில் தவறுவதும் இங்கேதான். விசை ஒரே நொடியில் முழுதாக வந்துவிடும் என்று எழுதிவிடுகிறோம். நிஜத்தில் அது ஏறி வர நேரம் எடுக்கும்.

சரி, காரணத்தைப் பிரிக்கலாம்.

முதல் கேள்வி: எத்தனை இன்ஜின் மூண்டது? தீநாக்குகளை எண்ணுங்கள். 2018 பிப்ரவரி 6 அன்று, மூன்று பூஸ்டர்களைச் சேர்த்துக் கட்டிய ஃபால்கன் ஹெவியின் இரண்டு பக்கப் பூஸ்டர்களும் ஜோடியாக வந்து நின்ற காட்சியை மறந்திருக்க மாட்டீர்கள். நடுப் பூஸ்டர் வேறு கதை. இறங்கும்போது மூன்று இன்ஜின் மூள வேண்டியதில் நடுவில் உள்ளது மட்டும் மூண்டது. வெளி இரண்டுக்கும் பற்றவைப்புத் திரவம் தீர்ந்து போயிருந்தது. அது மணிக்குச் சுமார் 480 கிலோமீட்டர் வேகத்தில், கப்பலிலிருந்து ஏறக்குறைய நூறு மீட்டர் தள்ளிக் கடலில் அடித்தது. ராக்கெட் எவ்வளவு பெரியதாக இருந்தால் என்ன, தீக்குச்சி தீர்ந்தால் அவ்வளவுதான். அடுத்த பயணங்களுக்கு அந்தத் திரவத்தைக் கூட்டினார்கள்.

எண்ணிக்கை சரி, ஆனாலும் விசை போதவில்லை என்றால் அடுத்த கேள்வி: கடைசி நொடிகளில் தீ அணைகிறதா? 2016 ஜூன் 15 அன்று இரண்டு தகவல்தொடர்புச் செயற்கைக்கோள்களைக் கொண்டுபோன ஃபால்கன் 9 பூஸ்டரில் ஓர் இன்ஜினின் விசை குறைந்தது. அதை ஈடுகட்ட எரிப்பு நீண்டது. தளத்துக்குச் சற்று மேலே இருக்கும்போது திரவ ஆக்சிஜன் தீர்ந்துவிட்டது. மேலோட்டமாகப் பார்த்தால் கையெட்டும் தூரத்தில் தோற்றது போல இருக்கும். ஆனால் தோல்வி அங்கே நடக்கவில்லை, எரிப்பின் தொடக்கத்திலேயே நடந்துவிட்டது.

மூன்றாவது கேள்வி, தீயின் நிறம். இதில் பலரும் ஏமாறுவார்கள். மெர்லின் மூளும்போது ஒரு கணம் பச்சை மின்னும். பற்றவைப்புத் திரவத்தில் போரான் இருப்பதால் அது இயல்பு. எரிந்துகொண்டிருக்கும்போது பச்சை வந்தால்தான் ஆபத்து. இன்ஜின் தன் செம்பையே தின்கிறது என்று அர்த்தம். 2020 டிசம்பர் 9 அன்று ஸ்டார்ஷிப் மாதிரி எஸ்என்8 இறங்கும்போது அப்படித்தான் தெரிந்தது. (அது பூஸ்டர் அல்ல, மேல் அடுக்கு. நோய் ஒன்றுதான் என்பதால் சேர்த்திருக்கிறேன்.) தரையிறக்கத்துக்கென்று இருந்த சிறு மீத்தேன் தொட்டியில் அழுத்தம் குறைந்தது, எரிபொருள் போதாமல், ஆக்சிஜன் மிகுந்து, இன்ஜினையே அரித்தது. இதைச் சரிசெய்ய அந்தத் தொட்டிக்கு ஹீலியம் அழுத்தம் கொடுத்தார்கள். 2021 மார்ச் 3 அன்று எஸ்என்10 நின்றது, ஆனால் வேகமாக மோதி நின்றது. ஹீலியம் குமிழ்கள் எரிபொருளோடு இன்ஜினுக்குள் போய் விசையைக் குறைத்திருந்தன. சில நிமிடத்தில் வெடித்தது. பழைய கோளாறுக்குக் கொடுத்த மருந்தே புதிய கோளாறாக வந்த கதை இது. உங்கள் பட்டியலில் "சென்றமுறை எதை மாற்றினோம்?" என்ற வரியை எப்போதும் மேலே வைத்திருங்கள்.

சாய்ந்தோ ஆடிக்கொண்டோ வருகிறது

ஆட்டத்தில் இரண்டு வகை உண்டு. கலந்துவிடக் கூடாது.

ஒருபக்கமாகச் சாய்ந்து, அப்படியே நிமிராமல் வந்து மோதினால், துடுப்பு செத்துவிட்டது என்று சந்தேகியுங்கள். 2015 ஜனவரி 10 அன்று நடந்தது அதுதான். துடுப்புகளை அசைத்த ஹைட்ராலிக் திரவம் ஒருமுறை பயன்பட்டால் வெளியேறிவிடும், திரும்பி வராது. இறங்குவதற்குச் சற்று முன்பு அது தீர்ந்தது. துடுப்பு ஒரு பக்கம் திருப்ப, இன்ஜின் மறுபக்கம் இழுக்க, பூஸ்டர் சுமார் 45 பாகைச் சாய்வில் கப்பலின் ஓரத்தில் அடித்தது. அடுத்த பயணத்துக்கு 50 சதவீதம் அதிகத் திரவம் ஏற்றினார்கள்.

இடதும் வலதுமாக மாறி மாறி ஆடி, ஒவ்வொரு ஆட்டமும் முந்தையதைவிடப் பெரிதானால் அது வேறு நோய்: கட்டளைக்கும் செயலுக்கும் நடுவே தாமதம். அதே ஆண்டு ஏப்ரல் 14 அன்று பூஸ்டர் கப்பலைத் துல்லியமாகக் கண்டுபிடித்தது, கால்களை விரித்தது, ஆனால் பக்கவாட்டு வேகம் மிஞ்சியதால் கவிழ்ந்தது. விசையைக் கட்டுப்படுத்தும் வால்வு உராய்வால் ஒட்டிக்கொண்டு, சொன்ன வேகத்தில் அசையவில்லை. ஸ்டியரிங்கில் ப்ளே உள்ள வண்டியை ஓட்டியவர்களுக்கு இது புரியும். கொஞ்சம் திருப்புகிறோம், வண்டி கேட்பதில்லை. இன்னும் திருப்புகிறோம், இப்போது இரண்டும் சேர்ந்து கேட்கிறது. மூளை சரியாகத்தான் கணக்குப் போடுகிறது, கை பிந்துகிறது.

சிமுலேஷனில் இந்த ஆட்டத்தை நீங்களே வரவழைக்கலாம். வால்வுக்குக் கால் நொடித் தாமதம் கொடுத்துப் பாருங்கள். கட்டுப்பாட்டு எண்களை மாற்றி மாற்றி நான் ஒரு வார இறுதியைத் தொலைத்தேன். எண்களில் பிழையே இல்லை. தாமதத்தைக் கணக்கில் சேர்க்காமல் எண்களை மட்டும் மெருகேற்றுவது வீண்.

தன்னைத்தானே சுற்றுகிறது

சுழற்சி தெரிந்தவுடன் உயரத்தைக் குறியுங்கள். காற்று அடர்த்தியாக உள்ள உயரத்தில், துடுப்புகளை நம்பி வரும் நேரத்தில் தொடங்கியிருந்தால், துடுப்பைப் பாருங்கள். 2018 டிசம்பர் 5 அன்று கேப் கனாவரல் தரைத்தளத்துக்கு வந்துகொண்டிருந்த பூஸ்டர் பம்பரமாகச் சுற்றியது. துடுப்புகளின் ஹைட்ராலிக் பம்ப் நின்றுவிட்டது. அதற்கு மாற்றுப் பம்ப் இல்லை. இன்ஜின் மூண்டதும் சுழற்சி கணிசமாகத் தணிந்தது, கால்கள் விரிந்தன, கரையோரக் கடலில் மெல்ல இறங்கிச் சாய்ந்தது. பூஸ்டர் இறங்குவது பயணத்தின் நோக்கத்தில் சேராது என்பதால் சில பகுதிகளுக்கு இரட்டை ஏற்பாடு வைப்பதில்லை என்பது அன்று வெளியே தெரிந்தது.

சுழன்றுகொண்டே இருக்கும்போது இன்ஜின் தானாக நின்றால் காரணத்தைத் தொட்டிக்குள் தேடுங்கள். 2013 செப்டம்பர் 29 அன்று, வலைத் துடுப்புகள் வருவதற்கு முன், பூஸ்டர் சுழன்ற வேகத்தில் எரிபொருள் தொட்டியின் சுவரோடு ஒட்டிக்கொண்டது. தொட்டியில் எரிபொருள் இருந்தும் குழாய்க்கு வந்து சேரவில்லை. அளவுமானியைப் பார்த்து "தீரவில்லையே" என்று இந்தக் காரணத்தை அடித்துவிடாதீர்கள்.

பதமாக இறங்கியது, ஆனால் கப்பலில் இல்லை

வேகமும் சாய்வும் சரியாக இருந்து, இடம் மட்டும் தப்பியிருந்தால், பூஸ்டரைத் திட்டுவதற்கு முன் அதற்குக் கொடுத்த தகவலைப் பாருங்கள். 2020 பிப்ரவரி 17 அன்று ஒரு பூஸ்டர் கப்பலைத் தவறவிட்டுக் கடலில் மென்மையாக இறங்கியது. காற்று வீசும் வேகம் பற்றிக் கொடுத்த தரவு தப்பாக இருந்தது.

வேண்டுமென்றே விலகியிருக்கவும் கூடும். தரையிறக்க எரிப்பு ஒழுங்காகப் போகிறது என்று உறுதியாகும் வரை பூஸ்டரின் குறி தளத்துக்கு வெளியேதான் இருக்கும். கடைசியில்தான் தளத்தின் பக்கம் திரும்பும். மேலே சொன்ன பம்ப் கோளாறில் பூஸ்டர் தரையை நாடாமல் கடலில் இறங்கியது இந்த ஏற்பாட்டால்தான். 2024 நவம்பர் 19 அன்று சூப்பர் ஹெவி பூஸ்டர் கோபுரத்துக்கு வராமல் கடலுக்குப் போனபோதும் பூஸ்டரில் குறை இல்லை. பிடிக்க வேண்டிய கோபுரத்தின் நிலை சரியில்லை என்று காட்டியதால் திருப்பிவிடப்பட்டது. இந்த வகையைத் தோல்விக் கணக்கில் எழுதுவது எனக்கு உடன்பாடு இல்லை.

நின்றது, அப்புறம் சாய்ந்தது

நின்றதற்கும் சாய்ந்ததற்கும் இடையில் எவ்வளவு நேரம் என்று பாருங்கள். பாதிப் பதில் அதிலேயே இருக்கிறது.

சில நொடிகள்தான், புகையும் இல்லை என்றால் கோளாறு காலில். 2016 ஜனவரி 17 அன்று பூஸ்டர் கப்பலில் அழகாக இறங்கியது. நான்கில் ஒரு கால் பூட்டிக்கொள்ளவில்லை, மெதுவாகச் சரிந்தது. ஏவும்போது கடும் மூடுபனி. ஈரம் பனிக்கட்டியாக உறைந்து பூட்டைத் தடுத்திருக்கலாம் என்று சொன்னார்கள். இதே காட்சி இருபது ஆண்டுக்கு முன்பும் நடந்தது. 1996 ஜூலை 31 அன்று டிசி-எக்ஸ்ஏ என்ற சோதனை ராக்கெட் இறங்கியபோது ஒரு கால் விரியவேயில்லை. அதற்குக் காற்றழுத்தம் கொண்டுபோகும் குழாயைப் பறப்பதற்கு முன் திரும்ப இணைக்காமல் விட்டிருந்தார்கள்.

அடியில் தீ தொடர்ந்தால் கால் குற்றவாளி அல்ல, பலியானது. 2025 மார்ச் தொடக்கத்தில் ஒரு பூஸ்டர் நின்ற பிறகு அடியில் தீப்பிடித்து, ஒரு கால் வலுவிழந்து சரிந்தது. எரிபொருள் கசிவு மேலேறும்போதே, கிளம்பிச் சுமார் 85 நொடியில் தொடங்கியிருந்தது. சூடான பாகத்தின் மேல் பட்டும் அங்கே எரியப் போதுமான ஆக்சிஜன் இல்லை. தரைக்கு வந்து காற்று கிடைத்ததும் பற்றிக்கொண்டது. நான் தொடக்கத்தில் சொன்னதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடையாது.

மணிக்கணக்கோ நாள்கணக்கோ ஆகிச் சாய்ந்தால் கடல்தான். 2019 ஏப்ரலில் ஃபால்கன் ஹெவியின் நடுப் பூஸ்டர் வெற்றியாக இறங்கி, அலையில் கவிழ்ந்தது. பூஸ்டரைக் கப்பலோடு பிடித்துக்கொள்ளும் ரோபோ இருந்தும், நடுப் பூஸ்டரின் அடிப்பக்கம் வேறு அமைப்பு என்பதால் அதால் பிடிக்க முடியவில்லை. 2023 டிசம்பரில் 19 முறை பறந்த ஒரு பூஸ்டர் துறைமுகத்துக்கு வரும் வழியில் பலத்த காற்றிலும் அலையிலும் விழுந்தது. 2020-இல் ஸ்பேஸ்எக்ஸ் முதன்முதலாக மனிதர்களை அனுப்பியது அதே பூஸ்டரில்தான். புதிய பூஸ்டர்களின் கால்கள் தம்மைத் தாமே மட்டப்படுத்திக்கொள்ளும். இதற்கு அந்த வசதி இல்லை.

திரும்பப் பறக்கவிட்டபோது கோளாறு

பழைய பூஸ்டர் என்பதாலேயே தேய்மானம் என்று எழுதிவிட வேண்டாம். மூன்று சந்தேகங்கள் உண்டு. மூன்றையும் தனித்தனியாகத் தேட வேண்டும்.

சோதித்தால் தெரியும் விரிசல் ஒன்று. எரிபொருளை இன்ஜினுக்குள் தள்ளும் மெர்லினின் டர்போபம்ப் சக்கரங்களில் முன்பு விரிசல் விழுந்தது. ஃபால்கன் 9-இன் பிளாக் 5 என்ற பிந்தைய வடிவத்தில் அதைத் திருத்தினார்கள். தெரியும் நோய் என்பதால் இது எளிது.

இரண்டாவது, பழுது பார்க்கும்போதே புகுந்தது. 2020 மார்ச் 18 அன்று ஐந்தாம் முறை பறந்த பூஸ்டரில் மேலேறும் கடைசிக் கட்டத்தில் ஓர் இன்ஜின் நின்றது. சுத்தம் செய்யப் பயன்படுத்திய ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் ஒரு சென்சாருக்குப் போகும், மறுமுனை அடைபட்ட குழாயில் கொஞ்சம் தேங்கியிருந்து எரிந்துவிட்டது. செயற்கைக்கோள்கள் சுற்றுப்பாதைக்குப் போய்ச் சேர்ந்தன, பூஸ்டர் திரும்பவில்லை. துடைத்தவர் பட்டியலையும் புரட்டிப் பாருங்கள் என்பது இதனால்தான்.

மூன்றாவது, எண்ணிக்கை கூடக்கூட மட்டும் வெளிப்படுவது. 2021 பிப்ரவரி 15 அன்று இன்ஜினைச் சுற்றிப் போர்த்தியிருக்கும் வெப்பத்தடுப்பு உறையில் சிறிய ஓட்டை இருந்தது. அந்த உறை மற்றவற்றைவிட அதிகமுறை பறந்தது. சூடான வாயு உள்ளே நுழைந்து, மேலேறும்போதே இன்ஜினை நிறுத்திவிட்டது. இறங்கும்போது வேண்டிய விசை வரவில்லை. அன்றைய வீடியோவில் கப்பலின் அருகே வெறும் வெளிச்சம் மட்டும்தான் தெரிந்தது. அதை எத்தனை முறை ஓட்டிப் பார்த்தாலும் காரணம் கிடைக்காது. முதல் மூன்று நிமிடத்துக்குப் போய் மேலேறும் இன்ஜின்களை எண்ணுங்கள். ஒன்பதில் ஒன்று குறைந்தால் இறக்கத்தைப் பார்க்கும் வேலையை அங்கேயே நிறுத்திவிட்டு, அந்த ஓர் இன்ஜினின் பராமரிப்புப் பதிவை எடுங்கள்.